ஒரு அடப்டர் போட்டாச் சரி

“தம்பி, உது பெரிய வேலையே? ஒரு அடப்டர் போட்டாச் சரி.”

இப்படிச் சொல்லிக்கொண்டு எந்த அண்ணை வந்தாலும் கேற்றைப் பூட்டிவிடுங்கள். எங்கள் ஹெந்தளை ஒழுங்கையில் பூட்டியும் பயனில்லை. அவர் மதிலுக்கு மேலால் கதைப்பார். கையில் ஏதாவதொரு பழைய சாமான் இருக்கும். சாமான் நல்லது, விலையும் மலிவு. ஒரேயொரு குறை, அவரிடம் உள்ள எதிலும் அது பொருந்தாது. பொருந்துகிற சாமான் ஒன்றை அவர் வாங்கி நான் கண்டதில்லை. பொருந்திவிட்டால் பிறகு அவருக்கு அதில் என்ன வேலை?

தண்ணீர் மோட்டர், தையல் மெஷின், என் மகளின் சைக்கிள் என்று நிறையச் சொல்லலாம். விடுங்கள், ஓகர் கதை ஒன்றே போதும்.

மாரவிலைப் பக்கம் அவருக்கு ஒரு தென்னங்காணி. வேலிக்கு நாற்பது கொங்கிரீட் தூண் நடவேண்டும். தூணுக்கு இரண்டடிக் குழி. இரண்டு பெடியங்கள், ஒரு அலவாங்கு, ஒரு மண்வெட்டி, மூன்று நாள் கூலி. அவ்வளவுதான் கணக்கு. அண்ணை அந்த வாரம் ட்ரக்டருக்குக் கண்ணாடி வாங்கவென்று பஞ்சிகாவத்தைக்குப் போனார். அங்கே போகிறவர் வாங்கப் போன சாமானோடு திரும்புவது அபூர்வம். இவர் திரும்பியது ஆளுயர இரும்புத் திருகாணியோடு, அதுதான் குழி தோண்டும் ஓகர். தலைமாட்டில் ஒரு ஹைட்ரோலிக் மோட்டர், அதிலிருந்து தொங்கும் மூன்று ஹோஸ். ஜப்பானில் ஒரு குட்டி எக்ஸ்கவேட்டரின் கையில் மாட்டியிருந்த சாமான். அண்ணையிடம் இருப்பதோ முன்னுக்கு லோடர் பூட்டிய, என் வயதுள்ள ஒரு மாசி பேர்குசன்.

“பாரும், ரெண்டும் ஹைட்ரோலிக்தானே” என்றார். இரண்டு பேரும் மனிதர்தானே என்று கல்யாணம் பேசுவதைப்போல.

கல்யாணம் என்றுதான் சொல்லவேண்டும். வெள்ளவத்தைத் தரகர்கள் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். அண்ணை முதல் பொருத்தத்தோடு தாலி கட்டிவிடுவார். ஹோஸ் முனையில் அரை அங்குலப் புரி, ட்ரக்டர் பக்கத்திலும் அரை அங்குலப் புரி. ஆனால் ஒன்று பிரிட்டிஷ், மற்றது அமெரிக்கன். இந்த இரண்டிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு புரி. ஆனபடியால் முதல் மூன்று சுற்று வெண்ணெயாய் இறங்கும். புரியின் கோணம்தான் வேறு, ஒன்றுக்கு 55 பாகை, மற்றதற்கு 60. நாலாவது சுற்றில் இறுகும். இறுகியது இறங்கியதாலா சிக்கியதாலா என்று கைக்குத் தெரியாது. அண்ணைக்குத் தெரியவே வேண்டியதில்லை. “பாத்தீரே, வாங்கிக் கொண்டுது!” என்று என் ஸ்பானரால் இன்னொரு இறுக்கு. ஸ்டார்ட் பண்ணியதும் ஒயில் விசிறியது. அரைச் சுருள் திரெட் டேப் சுற்றினார், விசிறியது. முழுச் சுருள் சுற்றினார், கொஞ்சம் அழகாக விசிறியது. ஹோஸ் கடையில் சில நிமிடத்தில் சரியான முனையை அமத்திக் கொடுப்பார்கள் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், தோசைக்கு மாவு கடையில் வாங்கலாம் என்று அவருடைய அம்மாவிடம் சொன்னதைப்போல் உணர்ந்தேன்.

பிறகு தொங்கல். லோடரின் கை நேராக இறங்குவதில்லை, வட்டம் போட்டு இறங்கும். அதனால் திருகாணி மேசனின் தூக்குக்குண்டு மாதிரி ஆடித் தொங்கவேண்டும், அப்போதுதான் குழி செங்குத்தாகப் போகும். அண்ணைக்கு ஆடுகிற எதுவும் பிடிக்காது. வெல்டிங் பாஸ் தலையைச் சொறிந்து மறுத்தும், அசையாதபடி ஒட்டுவித்தார். முதல் குழியைச் சொந்த வளவிலேயே ஒத்திகை பார்த்தார். திருகாணி சாய்ந்து இறங்கியது. அதுவும் மோட்டர் நிமிடத்துக்கு அறுபது லீற்றர் ஒயில் கேட்க, ட்ரக்டர் பம்ப் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க, தேர் வடக்கு வீதியில் திரும்புகிற வேகத்தில். ஒன்றரை அடியில் தண்ணீர் வந்தது. ஹமில்டன் கால்வாய்க்குப் பக்கத்தில் வேறென்ன வரும்? அந்தக் கால்வாயை 1802இல் தொடங்கி 1804இல் வெட்டி முடித்தார்கள், பதினான்கு கிலோமீற்றருக்கு மேல். அண்ணைக்கு இந்தக் குழி எட்டு மாசம்.

பிறகு அந்த மூன்றாவது ஹோஸ், மற்ற இரண்டையும்விட மெல்லியது. மோட்டருக்குள் கசிகிற ஒயில் அழுத்தமில்லாமல் தாங்கிக்குத் திரும்பும் வழி. “உது சும்மா” என்று அதற்கொரு போல்ட்டை அடித்து அடைத்திருந்தார். போக வழியில்லாத ஒயில், ஒயில் சீலை உடைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை வெளியே வந்தது.

திட்டிக்கொண்டே இருக்கலாம்தான். ஆனால் இந்த மனுசன் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர். சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோல் காட்டி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர். பொருந்துகிற சாமானுக்காகக் காத்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஓடியிருக்காது. அவர் அந்தக் கதைகளைச் சொல்லும்போது ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார், வேறெப்போதும் வைக்கமாட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது நாடே அண்ணையாகிவிட்டதும் உண்மை. அந்த நாட்களில் ஒழுங்கை முழுக்க அவர் வாசலில் நின்றது, நானும் நின்றேன்.

அதற்காக, எட்டு மாசமாய் இரவு பத்து மணிக்கு கிரைண்டர் பிடிப்பதா? ஒழுங்கை நீளத்துக்கு ஒயில். சூன் பாண் ஓட்டோ வழுக்கி என் மதிலில் மோதியது, பாண் கூடையோடு. மழை பெய்தால் அத்தனையும் கால்வாய்க்குத்தான் போகிறது. மணல் போடுங்கோ அண்ணை என்றால், “ஒரு தட்டு வெல்ட் பண்ணிக் கீழ வைப்பம்” என்கிறார். எனக்குத் தட்டு வேண்டாம். நித்திரை வேண்டும்.

தூண்கள் போன மாதம் நட்டாயிற்று. இரண்டு பெடியங்கள், ஒரு அலவாங்கு, மூன்று நாள். அண்ணை பக்கத்தில் நின்று, அலவாங்குக்கு மேலே ஒரு பைப் துண்டு ஒட்டினால் நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

என் ஸ்பானரைக் கேட்டுப் போனேன். கொடுத்தார். பிடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பைப் வெல்ட் பண்ணியிருந்தது.

“இப்ப நல்லா இறுக்கலாம், தம்பி” என்றார். என் டூல் பெட்டிக்குள் அது போகவில்லை.

“பெட்டியைக் கொண்டு வாருமன்.”