இரண்டு பக்க நகலும் இடிந்து விழாத பதிப்பகங்களும்

மலேசியாவில் பாகான் நக்கோடா ஓமார் பக்கத்துத் தோட்டப்புறப் பள்ளியில் ஓர் ஆசிரியை சிறுகதையின் இரண்டு பக்கத்தைப் போட்டோஸ்டேட் எடுத்தால் பதிப்புலகமே சாய்ந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு தகவல். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2012இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தையும் அதன் வளாகத்து நகல் கடையையும் நீதிமன்றத்துக்கு இழுத்தன. பாடத் தேவைக்கான நகலுக்குச் சட்டத்தில் இடமுண்டு என்றது 2016இல் உயர் நீதிமன்றம். 2017இல் வழக்கைத் திரும்பப் பெற்ற அம்மூன்றும் இன்றும் செழிப்பாகவே இருக்கின்றன.

அது இந்தியச் சட்டமாயிற்றே என்பீர்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், 13(2) பிரிவில், பாடம் விளக்கப் பிறர் படைப்பை நியாயமான வழக்கத்துக்குள் சேர்க்க இடம் தருகிறது. எடுத்த மூலத்தையும் படைத்தவர் பெயரையும் சொல்ல வேண்டும். நம் பயிற்சித்தாள்களில் முதலில் காணாமல் போவது அந்தப் பெயர்தான். பள்ளி முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்கும். எழுத்தாளர் பிழைப்பு என்னாவது? நியாயமான கேள்வி. முழுப் பயிற்சி நூலையே படியெடுத்து விற்பவரை எந்தச் சட்டமும் காக்கக் கூடாது. ஆனால் எழுத்தாளர் வயிற்றைக் காயப்போடுவது இரண்டு பக்க நகலல்ல, அவர் நூலில் ஒரு பிரதிகூட வாங்காத நாம்தான். ஆசிரியர்களே, நகலெடுங்கள், பெயரையும் போடுங்கள். மை அதிகம் செலவாகாது.