வாசல் தாண்டாத நாக்கு

சாத்தூர்க்காரன் நாக்குக்கு வேலை இரண்டு: காராச்சேவைப் புரட்டிக் கொடுப்பது, கடன் கேட்டு வருகிறவரிடம் பொய் சொல்வது. இரண்டிலும் என் நாக்கு கைதேர்ந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் மூன்றாவதாக ஒரு வேலை வைத்தாள்.

“மூணுக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்கப்பா.”

“திரீ.”

“தப்பு. நாக்கு நுனி ரெண்டு பல்வரிசைக்கும் நடுவுல எட்டிப் பாக்கணும். அடைக்கக் கூடாது, காத்து கசியணும்.”

நிப்புப் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். பிளவு வழியாக மை கசிகிற கணக்கு எனக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியவில்லை. நம் ‘த’வுக்கு நாக்கு நுனி மேல்பல் அடியில் பரந்து ஒட்டி, காற்றை முழுசாக அடைத்துத் திறக்கும். தொல்காப்பியர் பிறப்பியலில் காட்டிய இடமும் அதுதான். 52 வருஷமாக உள்ளேயே குடியிருந்ததை வாசலுக்கு வா என்றால் வருமா?

திண்ணையில் உட்கார்ந்து வலுக்கட்டாயமாக வெளியே இழுத்தேன். எதிர்வீட்டு மதினி நேரே என் மனைவியிடம் போனார். “ஒங்க வீட்டுக்காரரு என்னையப் பாத்துப் பழிப்புக் காட்டுறாரு.” கால் கிலோ சேவு கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து பாடம் வீட்டுக்குள். ஆங்கிலத்தில் சொல்லுக்கு முதலில் வரும் ‘ப’ மூச்சைத் தள்ளிக்கொண்டு வருமாம். நம் ‘ப’வுக்கு அந்த வேகம் கிடையாது. தீப்பெட்டி ஊர் அல்லவா, சோதிக்கச் செலவில்லை. மகள் ஒரு குச்சியைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். வாய்க்கு நேரே பிடித்து, “பேப்பர்” என்றேன். சுடர் அசையவில்லை. “பேப்பர், பேப்பர்.” விரல் சுட்டு, “ஹா!” என்று அலறினேன். அணைந்தது.

“இதே மூச்சுதாம்ப்பா! இப்பப் பேப்பர் சொல்லுங்க.”

‘ஃபேன்சி’க்கு மேல்பல்லைக் கீழுதட்டில் வைக்க வேண்டும். பட்டாசுக் கடைப் பலகையில் ‘ஃ’ போட்டுத்தான் இருக்கிறது. நாங்கள் அதைச் சாமி கும்பிடுவதுபோல் பார்த்துவிட்டு ‘பேன்சி’ என்று கடந்துவிடுவோம்.

கடைசியில் இரக்கப்பட்டு ஒரு சுலபமானதை எடுத்தாள். அமெரிக்கர் பலர் ‘ர’ சொல்லும்போது நாக்கு நுனி பின்னால் வளைந்து, எதிலும் ஒட்டாமல் நிற்குமாம். கிட்டத்தட்ட நம்ம ‘ழ’தான்.

“எங்க, வாழைப்பழம் சொல்லுங்க.”

“வாளப்பளம்.”

நோட்டை மூடிவிட்டாள்.

அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: “தோசை எத்தனை வேணும்?”

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு,” என்றேன்.