நிலையாமையின் பூர்வீகம்

கேள்வி: நிலையற்ற தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் என்ன?

பதில்: பெரும்பாலானவற்றுக்கு லத்தீன்தான் தாய்வீடு. ‘வாலட்டைல்’ என்பதன் வேர்ச்சொல்லுக்குப் பறத்தல் என்று பொருள். முதலில் பறக்கும் உயிரினங்களைக் குறித்த இச்சொல், பிறகு சட்டென்று ஆவியாகும் பொருள்களையும் மனம் மாறும் மனிதர்களையும் குறித்தது. இன்று பங்குச்சந்தைச் செய்திகளில் அதிகம் அடிபடுகிறது. அங்கே பறப்பது முதலீட்டாளரின் பணம்.

‘மெர்க்யூரியல்’ ரோமானியக் கடவுள் மெர்க்குரியின் பெயரால் வந்தது. தேவர்களின் தூதர், வணிகர்களின் காவலர், திருடர்களுக்கும் அவரே புரவலர். 88 நாளில் சூரியனைச் சுற்றிவிடும் புதன் கோளுக்கும், கையில் நிற்காத பாதரசத்துக்கும் அவர் பெயர்தான்.

‘பிரிகேரியஸ்’ என்றால் கெஞ்சிப் பெற்றது. ரோமானியச் சட்டத்தில், கேட்டு வாங்கிய நிலத்தைக் கொடுத்தவர் நினைத்தபோது திரும்பப் பெறலாம். நிச்சயமற்ற நிலை, ஆபத்தான நிலை என்ற பொருள்கள் பின்னர் வந்தன. குத்தகைதாரருக்கு அகராதியே தேவைப்பட்டிருக்காது.

‘ஃபிக்கிள்’ மட்டும் பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. அன்று வஞ்சகம் என்று பொருள். இன்று சபலம் என்ற அளவில் தண்டனை குறைந்திருக்கிறது.

‘லூனடிக்’ நிலவைக் குறிக்கும் ‘லூனா’விலிருந்து பிறந்தது. பித்துக்குக் காரணம் நிலவின் வளர்பிறையும் தேய்பிறையும் என்பது அக்கால நம்பிக்கை. அமெரிக்கா 2012இல் சட்டமியற்றி, தன் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து இச்சொல்லை நீக்கியது. நிலவு குற்றமற்றது என்று தீர்ப்பாக இத்தனை காலம்!