பல்லுக்கு ஒரு டி.சி.

மாற்றலுக்கு உட்பட்ட வேலையில் இருந்துகொண்டு, பன்னிரண்டு வயதைத் தொட்ட பிள்ளையின் பல்வரிசைக்கு இப்போதே கம்பி கட்டலாமா, ஆர்டர் வரும்வரை பொறுக்கலாமா என்று ஆண்டுக்கணக்கில் ஆராயும் தந்தை, நடுத்தர வர்க்க உயிரினங்களுள் தனி வகையாகப் பிரித்து வைக்கத்தக்கவர். ரயில்வேயிலும் தபால் துறையிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் இவ்வினம் பரவிக் கிடந்தாலும், கணக்குப் போடும் ஆசையும் கையெழுத்துப் போடும் அச்சமும் ஒரே உடம்பில் முற்றியிருப்பதால், அரசுடைமை வங்கியின் அதிகாரியிடம்தான் இதன் முழு வளர்ச்சியைக் காண முடியும். ஒரே நாற்காலியில் ஒருவர் நீண்ட நாள் அமர்ந்தால் கை நீளும் என்னும் அறநோக்கில் வங்கிகள் தம் அதிகாரிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் பெயர்க்கின்றன. அந்தப் பெயர்ச்சிப் பட்டியல், சுருக்கமாக ‘லிஸ்ட்’, கோடைக்காலத்தில் வெளிவரும் என்பது நம்பிக்கை. சனிப்பெயர்ச்சியும் குருப்பெயர்ச்சியும் நாளும் நாழிகையும் குறிக்கப்பட்டுப் பஞ்சாங்கத்தில் அச்சாகிவிடுவதால் அவற்றுக்கு அவர் அஞ்சுவதில்லை. நாள் குறிக்காமல் வருவது லிஸ்ட் ஒன்றுதான்.

பல் சீரமைப்பு என்று நூல்களும், ‘க்ளிப் போடுறது’ என்று ஊராரும் குறிப்பிடும் சிகிச்சையோ, நாள் குறிக்காமல் தொடங்க இயலாதது. பல் என்பது ஈறில் நட்ட குச்சியன்று, தாடை எலும்பில் பதிந்த உறுப்பு. கம்பி அதை ஒரு பக்கமாக அழுத்தும்போது, அழுத்தப்படும் பக்கத்து எலும்பு மெல்லக் கரைய, மறுபக்கத்தில் புதிய எலும்பு ஊற, பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்னும் அரசாங்கக் கோப்பின் வேகத்தில் நகர்கிறது. இடம் போதாத தாடையில் முன்கடைவாய்ப்பற்கள் நான்கைப் பிடுங்கி இடைவெளி உண்டாக்கினால், அவ்விடைவெளியை அடைப்பதற்கே பல மாதங்கள் செல்லும். ஆகவே மொத்தச் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு என்பது மருத்துவர் சொல்லும் கணக்கு. பணமும் அதே போக்கில் நகர்கிறது: கம்பி ஒட்டும் நாளில் ஒரு பெருந்தொகை, பிறகு ‘டைட் வைக்க’, அதாவது கம்பியை மாற்றியோ முறுக்கியோ அடுத்த அழுத்தத்தை ஏற்ற, மாதந்தோறும் வரும்போது ஒரு தவணை. மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை இச்செலவை அழகுச் செலவு என்று தள்ளிவிடுவதால், முழுப் பாரமும் தந்தையின் சட்டைப் பைமேல்தான்.

இதில் வியப்புக்குரியது தவணை என்னும் சொல்லே. முன்பின் அறியாத ஒருவருக்கு இருபது ஆண்டு வீட்டுக்கடனை, வட்டி விகிதம் எங்கே போகும் என்று ரிசர்வ் வங்கிக்கே தெரியாத நிலையில், காலை பத்தரை மணிக்குத் தேநீர் ஆறுவதற்குள் பரிந்துரைக்கும் அதே கை, சொந்த மகளின் இருபத்துநான்கு மாதத் தவணைக்கு முன்னால் நடுங்குகிறது. கடன் விண்ணப்பத்தில் ‘தற்போதைய முகவரியில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறீர்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாதவரை அவர் ஐயத்தோடு ஏறிட்டுப் பார்ப்பது வழக்கம். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் குறிப்பேட்டைப் பிரித்து வைத்திருக்கும் பெண் அதே கட்டத்தைத்தான் வாய்மொழியாக நிரப்பப் பார்க்கிறாள்.

“இந்த ஊர்ல எவ்வளவு நாள் சார் இருப்பீங்க?”

“அது லிஸ்ட் வந்தாத்தாம்மா தெரியும்.”

“எந்த லிஸ்ட் சார்?”

இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால் வங்கித் துறையின் வரலாற்றையே சொல்ல வேண்டிவரும் என்பதால், அவர் சுவரில் மாட்டிய பெரிய பல்லின் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

அவருடைய தயக்கத்தைக் கஞ்சத்தனம் என்று கொள்வது தவறாகும். இடம் மாறுகிறவனுக்கு எல்லாமே கூட வரவேண்டும், வரும்போது அதற்கொரு சீட்டும் இருக்கவேண்டும் என்பது அவர் வாழ்ந்து பெற்ற தத்துவம். அந்தத் தத்துவத்துக்கு அரசும் இதுவரை துணைநின்றே வந்திருக்கிறது. மாற்றலாகிச் செல்லும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் நடுவில் படிப்பை விட்டுத் தவிக்காமல் எந்த ஊரிலும் ஒரே பாடத்தைத் தொடர வேண்டும் என்பதற்காகவே 1963-இல் மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டு, பின்னர் கேந்திரிய வித்யாலயா என்று பெயர் பெற்றன. சமையல் எரிவாயு உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் ஒரு சீட்டுக் கிடைக்கும், அதை நீட்டினால் புதிய ஊரில் அடுப்பு எரியும். 2015 ஜூலை முதல் செல்பேசி எண் நாடெங்கும் மாறாமல் உடன் வருகிறது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பி.எச். தொடர் வண்டி எண்ணோ இவருக்காகவே நெய்த சட்டை: சாலை வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டு, மாநிலத்துக்கு மாநிலம் மறுபதிவின்றி ஓட்டிச் செல்லலாம். காருக்கும் இரண்டாண்டு, பல்லுக்கும் இரண்டாண்டு என்றிருக்க, கார் மட்டும் எல்லை தாண்டலாம், பல் தாண்டக்கூடாது என்பது எந்த நியாயத்தில் அடங்கும் என்று அவர் கேட்கும்போது, எதிரே இருப்பவருக்கு உடனே மறுமொழி தோன்றுவதில்லை. டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ் பிள்ளைக்கு உண்டு. பிள்ளையின் வாய்க்குள் இருப்பதற்கு இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு மருத்துவர் தரும் விளக்கம் நுட்பமானது. ஒவ்வொரு பல்லின் முகத்திலும் ஒட்டப்படும் சிறு உலோகத் துண்டுக்கு பிராக்கெட் என்று பெயர்; அதன் நடுவே வெட்டிய பள்ளத்தில்தான் கம்பி படுத்திருக்கும். அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள் 1920-களில் வகுத்த முறையில் அப்பள்ளத்தின் அகலம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 22 பங்கு. பிற்காலத்தில் எஃகுக் கம்பி வந்தபின் 18 பங்கு அகலமுள்ள மற்றொரு வகையும் பரவியது. ஒன்றுக்கு அளந்த கம்பி மற்றொன்றில் ஒன்று நுழையாது, அல்லது நுழைந்து ஆடும். இத்துடன் பள்ளத்தின் சாய்வும் திருகலும் ஒவ்வொரு வடிவமைப்புக்கும் வேறுவேறு. மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் பிராட் கேஜ் வண்டி ஓடுமா என்று மருத்துவர் கேட்டதும், தஞ்சாவூர்ப் பக்கத்து ரயில்களில் வளர்ந்த தந்தைக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. புதிய ஊரின் மருத்துவர் பழைய பிராக்கெட்டைப் பெயர்த்துவிட்டுத் தம்முடையதை ஒட்டத் தலைப்படலாம். ஒரு தையற்காரர் வெட்டிப் போட்ட துணியை இன்னொருவர் தொட யோசிப்பதில் தவறேதும் காண முடியாது.

ஆங்கிளின் அகலமான பள்ளம் அக்காலத்துத் தங்கக் கம்பிக்காக அமைந்தது என்னும் செய்தியை மருத்துவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கத் தேவையில்லை. அதைக் கேட்ட கணமே தந்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் தோன்றி மறைகிறது. கம்பி இன்றும் தங்கமாகவே இருந்திருந்தால் முழுச் சிக்கலும் நகைக்கடன் பிரிவில் கால்மணி நேரத்தில் தீர்ந்திருக்கும்.

முடிவெடுப்பதை ஒத்திப்போடுவதற்கு அவர் கைக்கொள்ளும் துணைகள் பல. கிராமத்திலிருந்து வந்திருக்கும் தாயாரிடம் பேச்சைத் தொடங்கி, “தெத்துப்பல்லு லட்சணம்டா, மகாலட்சுமி மாதிரி இருக்கா, எதுக்கு அதைப் போட்டு இடிக்கிறீங்க?” என்னும் தீர்ப்பைப் பெற்று வந்து மனைவியிடம் சமர்ப்பிப்பது அவற்றுள் முதன்மையானது. மனைவி அத்தீர்ப்பை ஏற்பதில்லை. மாமியாரின் லட்சணக் கோட்பாடு தம் திருமணப் பேச்சின்போது எங்கே போயிருந்தது என்பது அவர் கேட்காமல் கேட்கும் கேள்வி. அடுத்த துணை, வட்டார அலுவலகத்துக்கு எழுத முனைந்து முடிக்காத விண்ணப்பம். பிள்ளை பத்தாம் வகுப்பு என்றால் மாற்றலை ஓராண்டு தள்ளிவைப்பது எழுதப்படாத மரபு. பெற்றோருக்கு இருதய நோய் என்றாலும் கோப்பு அசையும். ஆனால் மகளின் மேல்வரிசைப் பற்கள் இன்னும் நான்கு மில்லிமீட்டர் பின்னே செல்ல வேண்டியிருப்பதால் இக்கிளையிலேயே நீடிக்க அனுமதி வேண்டுகிறேன் என்று எழுதிப் படித்துப் பார்த்தபோது, எழுதியவருக்கே சிரிப்பு வந்து, அந்தத் தாள் இன்றளவும் மேசை இழுப்பறையில் பழைய லாக்கர் சாவிகளோடு கிடக்கிறது.

கிளைகளுக்குள்ளே ஒரு நம்பிக்கையும் உலவுகிறது. வண்டியைக் கழுவினால் மழை வருவதுபோல, கம்பி கட்டினால் ஆர்டர் வரும். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டபின் எல்லோரும் அதை நம்புகின்றனர். ஒடிசாவில் மூன்றாண்டாகக் கிடந்து சொந்த மாநிலத்துக்கு மாற்றல் கேட்டுச் சலித்த ஒருவர், முத்துக் கோத்தாற்போன்ற பல்வரிசை கொண்ட மகனை அழைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போய், சும்மா ஒரு கம்பி கட்டிவிடுங்கள் என்று மன்றாடியதாக வழங்கும் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பணிமூப்பைப் பொறுத்தது.

கும்பகோணத்துக் கிளை ஒன்றில் இருக்கும் அதிகாரியை மாதிரியாகக் கொள்ளலாம். இரண்டு கோடைகள் லிஸ்டுக்காகக் காத்து, அது வராமற்போக, எட்டாம் வகுப்பு முடித்த மகளை ஒருவழியாக அழைத்துச் சென்று, 45,000 ரூபாய்ச் சிகிச்சைக்கு 20,000 முன்பணமாக எண்ணி வைக்கிறார். பிராக்கெட்டைச் சுற்றிப் பூட்டும் குட்டி ரப்பர் வளையங்களின் தட்டை மருத்துவமனைப் பெண் நீட்டுகிறாள். மகள் மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் இடையே பத்து நிமிடம் தத்தளிக்கிறாள். தந்தை, எந்த நிறமானால் ஊர் மாறினாலும் பொருந்தும் என்று சிந்தித்துச் சாம்பல் நிறத்தைச் சிபாரிசு செய்கிறார். மகள் மஞ்சளைத் தேர்ந்து, அன்றிரவு தயிர்ச்சாதம் மட்டும் உண்டு, வலியில் அழுது, மறுநாள் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டாம் முறை டைட் வைத்து வந்த வாரத்தில் ஆர்டர் வருகிறது: நாக்பூர்.

தம் வேலையில் எவரும் குறைகாண முடியாதபடி அவர் செயல்படுகிறார். மருத்துவரிடம் எக்ஸ்ரே படங்களையும், சிகிச்சைக் குறிப்பையும், தொடக்கத்தில் எடுத்த பல் அச்சின் பிளாஸ்டர் வார்ப்பையும் கேட்டுப் பெறுகிறார். சீட்டு என்று பெயர் இல்லாவிட்டாலும் அவருக்கு அதுவே டி.சி. சாமான் ஏற்றும் நிறுவனத்தார் காப்பீட்டுக்காக ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்புக் கேட்டுத் தரும் பட்டியலில், குளிர்பதனப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் இடையே, ‘பல் வார்ப்பு, மேல் ஒன்று, கீழ் ஒன்று, ரூ. 20,000’ என்று எழுதுகிறார். பேக்கிங் செய்ய வந்த இளைஞன் அதைக் கையில் எடுத்து, யாருடையதென்று கேட்காமல், மரியாதையோடு மூன்று செய்தித்தாளில் சுற்றுகிறான்.

அப்போதுதான் மனைவி பேசுகிறார்.

“என்னங்க, பல்லும் பாப்பாவும் நானும் இங்கயே இருக்கோம். நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

இந்த ஏற்பாட்டின் பொருளாதாரத்தை ஆராய்வது சுவையானது. நாக்பூரில் எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகத் தொடங்கினால் 50,000 ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், இங்கே கட்டவேண்டிய மீதியைவிட அது 25,000 ரூபாய்தான் அதிகம். அதை மிச்சப்படுத்துவதற்காக, வங்கி ஒரு வீட்டுக்கே வாடகை தரும் என்னும் நிலையில், இரண்டாம் வீட்டுக்கு மாதம் 9,000 வீதம் இருபது மாதங்களுக்கு 1,80,000 ரூபாயும், அதற்குமேல் ரயில் கட்டணமும் செலவாகின்றன. நலிந்த தொழிலில் மேலும் மேலும் பணம் போடும் வாடிக்கையாளரிடம், மூழ்கிய செலவு, அதாவது ஏற்கெனவே போய்விட்டு இனித் திரும்பாத பணம், அடுத்த முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்று பாடம் நடத்துபவர்தாம் இவர். போட்ட 20,000 வீணாகக் கூடாதே என்று அவர் சொல்லும்போது அந்தப் பாடம் அவருக்கு நினைவில்லை என்று கருத வேண்டாம். நினைவிருக்கிறது, ஆனால் அது கடன் பிரிவைச் சேர்ந்தது. தவிரவும், தோழிகளும் பள்ளியும் பாட்டு டீச்சரும் உள்ள ஊரைவிட்டு வரமாட்டேன் என்று மகள் முன்கூட்டியே தாயிடம் சொல்லி வைத்திருந்ததும், பல் ஒரு கௌரவமான காரணமாக வாய்த்ததும், அவருக்குத் தெரியவந்தது வெகுநாள் கழித்தே.

மாதம் ஒருமுறை அவர் ஊருக்கு வருவது டைட் வைக்கும் நாளையொட்டியே அமைகிறது. வந்தவுடன் மகளின் முகத்தை நிமிர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் இடைவெளியைப் பார்த்து, போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று அளக்கிறார். வாராக்கடன் வசூலாகும்போது அவர் முகத்தில் காணப்படும் நிறைவு அப்போதும் காணப்படுகிறது. கம்பியைக் கழற்றியபின்னும் பற்கள் பழைய இடத்துக்கு ஓடிவிடாமல் தடுக்க ரிட்டெய்னர் என்னும் காப்புப் பட்டையைப் பல காலம் அணியவேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, பல்லுக்கும் சொந்த ஊருக்குப் போகும் ஆசை உண்டு என்பதை முதன்முதலாக அறிந்தவர் சற்றே நெகிழ்ந்தார் என்று சொல்லலாம்.

நாக்பூரில் மெஸ் ரொட்டியில் கிடந்த கல்லொன்று அவருடைய கடைவாய்ப்பல்லை விண்டுவிட்டது. வேர்ச் சிகிச்சை செய்து, அதாவது உள்ளே அழுகும் கூழை அகற்றி அடைத்து, மேலே ஓர் உறை போடவேண்டும், நான்கு முறை வரவேண்டும் என்று அங்குள்ள மருத்துவர் சொல்லியாயிற்று. மாதம் மார்ச். லிஸ்ட் வரட்டும், பார்க்கலாம் என்று எழுந்து வந்தவர், இடக்கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, எதிரே அமர்ந்திருக்கும் விண்ணப்பதாரரின் தாளைப் புரட்டி, தற்போதைய முகவரியில் எத்தனை ஆண்டுகள் என்னும் கட்டம் வெறுமையாக இருப்பதைப் பேனா முனையால் தட்டிக் காட்டி, நிலையாக ஓரிடத்தில் இராதவரை நம்பி வங்கி எப்படிக் கடன் கொடுக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.