நியூகாசிலின் நற்குணங்கள்

மேலே படிந்த கரியை எப்படித் தடம் தெரியாமல் கழுவுவது என்று கற்றுக்கொள்ள நினைக்கும் ஊர்கள் நியூகாசிலிடம் போய்ப் பாடம் கேட்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குத் தென்கிழக்கே, பெல்வியூவுக்கும் ரென்டனுக்கும் நடுவில் இருக்கிற புறநகர் அது. மக்கள்தொகை 13,000 சொச்சம். துடைத்து வைத்தது போன்ற தெருக்கள், போரென் ஏரிக்கரையில் பூங்கா. தனி வீடு என்றால் பத்து லட்சம் டாலருக்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். அந்த வட்டாரத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இது நன்றாகத் தெரிந்த ஊர்.

அடக்கம் இதன் முதல் குணம். 1863இல் இங்கே நிலக்கரி கண்டுபிடித்தார்கள். 1963 வரை தோண்டினார்கள். ஒரு கோடி டன்னுக்கு மேல் வெளியே வந்தது. ஆரம்பத்தில் அந்தக் கரியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஏரியில் படகுக்கு மாற்றி, மறுபடி வண்டிக்கு மாற்றி, கைமாற்றிக் கைமாற்றித்தான் சியாட்டில் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து அது சான்பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேறியது. 1878இல் சுரங்கத்துக்கே ரயில் வந்தது. சியாட்டில் பெரிய துறைமுகமாக வளர்ந்ததில் இந்தக் கரிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெருமையையெல்லாம் பக்கத்து நகரத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டு நியூகாசில் ஒதுங்கி நிற்கிறது. இந்தத் தாராள மனசு எந்த ஊருக்கு வரும்?

அக்கறையில் இன்னும் ஒரு படி மேல். கூகர் மலைக்காட்டுக்குள் ரெட் டவுன் என்ற இடத்திலிருந்து நடைபாதைகள் கிளம்புகின்றன. சுரங்கத் தொழிலாளர்களின் சிவப்புச் சாயம் பூசிய வீடுகள் இருந்த இடம் அது. வீடுகள் போய்விட்டன, பெயர் இருக்கிறது. ஒரு பாதைக்குக் ‘கேவ் ஹோல்’ என்றே பெயர். அடியில் சுரங்கம் இடிந்து மேலே மண் உள்வாங்கிய பள்ளங்கள் அதன் ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன. பெரணிச் செடிகள் விளிம்பு வரை மண்டிக் கிடக்க, பள்ளத்தைச் சுற்றி வேலி, கிட்டே போகாதீர்கள் என்று பலகை. ஞாயிற்றுக்கிழமை நடக்க வருகிறவரின் நாய்க்குட்டிகூட உள்ளே விழுந்துவிடக் கூடாது. அன்றைக்கு இதே மலையின் வயிற்றுக்குள் விளக்கோடு மனிதர்களை இறக்கிவிட்டு, கரி எவ்வளவு வந்தது என்று மேலே நின்று எடை போட்டார்கள். அக்கறை வளர்வதற்கு நூறு ஆண்டு பிடிக்கத்தானே செய்யும்.

நன்றி மறவாமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1885 செப்டம்பர் 11 இரவு, நியூகாசிலை ஒட்டிய கோல் கிரீக் சுரங்கத்தில் சீனத் தொழிலாளர்கள் தங்கியிருந்த குடியிருப்புக்கு முகமூடி அணிந்த ஆட்கள் வந்தார்கள். உள்ளே இருந்தவர்களை விரட்டினார்கள். துணிமணியோடு குடியிருப்பைக் கொளுத்தினார்கள். குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்பது வெள்ளைத் தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. குறைந்த கூலி கொடுத்த முதலாளியின் வீட்டுப் பக்கம் அந்தத் தீப்பந்தம் போகவில்லை. அடுத்த பிப்ரவரியில் சியாட்டிலும் தன் சீனர்களைக் கப்பலுக்கு விரட்டியது. 1891இல் தொழிற்சங்கத்தை முறிக்க, இந்த வட்டாரச் சுரங்கங்களுக்குச் சுரங்க நிறுவனம் கறுப்பினத் தொழிலாளர்களை ரயிலில் கொண்டுவந்தது. ஓர் ஏழைக்கு எதிராக இன்னோர் ஏழையை நிறுத்துவதில் அத்தனை கைத்தேர்ச்சி.

விரட்டப்பட்ட சீனர்களை ஊர் மறந்துவிட்டதா? மறக்கவில்லை. பிற்பாடு ஊரின் மேட்டுப் பகுதியில் இரண்டு பெரிய கோல்ஃப் மைதானங்கள் திறந்தார்கள். பழைய சுரங்க நிலமும் குப்பைமேடும் இருந்த இடம், இன்று பச்சைக் கம்பளம். அங்கே நின்று பார்த்தால் வாஷிங்டன் ஏரியும் சியாட்டிலின் கோபுரங்களும் தெரியும். ஒரு மைதானத்துக்குக் கோல் கிரீக் என்று பெயர். மற்றதற்குச் சைனா கிரீக். அந்த ஓடைக்கரையில் குடியிருந்தவர்களுக்கு ஓர் இரவுகூட நிம்மதியாகப் படுக்க இடம் மிச்சம் வைக்காத மண், நூறு வருஷம் கழித்து 18 குழிகளுக்கு அவர்கள் நினைவாக வந்த பெயரைச் சூட்டியிருக்கிறது. மனசு வைத்துச் செய்த மரியாதை!

1994 செப்டம்பரில்தான் நியூகாசில் தனி நகராட்சி ஆனது. ஊர்த் திருவிழாவும் செப்டம்பரில்தான். ஏரிக்கரைப் பூங்காவில் பாட்டு, கூத்து, சாப்பாட்டுக் கடைகள். அங்கே கூடுகிறவர்களில் சீன முகங்கள் உண்டு, கொரிய முகங்கள் உண்டு, நம் முகங்களும் உண்டு. ஆசியர் என்பதற்காக இன்று யாரையும் யாரும் விரட்டுவதில்லை. வங்கி வீட்டுக்கடன் கொடுத்தால் போதும், நியூகாசில் வாசலைத் திறந்துவிடுகிறது.