பினாயில் அதிகாரி

தம்பிக்கு ஸ்டெம் செல் மாற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "கிருமி அண்டாம நீங்கதான் பாத்துக்கணும்." பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்துச் சொல்லியிருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கும். என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து ஏமாந்துவிட்டார், பாவம்.

என்னால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது அதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துபோயிருந்தது. தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்றானதும் எங்கள் இருவரின் செல்லும் அவனுக்குப் பொருந்துமா என்று பார்த்தார்கள். கூடப் பிறந்தவர் ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பத்துக்குப் பத்து வரவேண்டும் என்றார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் இதை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. தங்கைக்குப் பத்து வந்தது. எனக்கு ஐந்து. "உனக்கு எதுதான் பாதிக்கு மேல பொருந்துச்சு?" என்றாள் அம்மா, என் ஜாதகம் போன இடமெல்லாம் திரும்பி வந்த கதையை மனசில் வைத்துக்கொண்டு. தங்கை நாலைந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் குழாயோடு மணிக்கணக்கில் மெஷின் பக்கத்தில் படுத்துக் கிடந்தாள். நான் வராந்தாவில் நின்று, வேலூர் சிஎம்சியில் இந்தச் சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது, இதைக் கண்டுபிடித்த டானல் தாமஸுக்கு 1990-ல் நோபல் கொடுத்தார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இட்லி வாங்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் ஊர் மதகடிப்பட்டு. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. விழுப்புரம் ரோட்டில் லாரி லாரியாக மாடு வந்து இறங்கும். அப்பா அங்கே தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற பழைய ஆள். பதவி ஏற்றதும் நான் போட்ட முதல் உத்தரவு அவர் மேல்தான். சந்தையிலிருந்து வந்தால் மோட்டார் கொட்டகையில் குளிக்க வேண்டும், வேட்டியை வெளியிலேயே அலசிப்போட வேண்டும், திண்ணையைத் தாண்டக் கூடாது. திருபுவனையிலிருந்து ஹார்லிக்ஸோடு வந்த அத்தையை வேலிப்படலோடு திருப்பி அனுப்பினேன். குண்டாங்குழி மகாதேவர் கோயில் விபூதியைக்கூட பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். காலையும் மாலையும் பினாயில். அந்த நெடியில் தம்பிக்கு வாந்தி வந்தது. அதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு வைரஸ் வந்தது. வாசல் வழியாக வரவில்லை.

அதன் பேர் சைட்டோமெகலோவைரஸ். டாக்டர்கள் சுருக்கமாக சிஎம்வி என்பார்கள். தாய்ப்பாலிலும் எச்சிலிலும் பரவி, பெரும்பாலும் சின்ன வயசிலேயே உடம்புக்குள் வந்து, பெரிதாக ஒன்றும் செய்யாமல் ஆயுசுக்கும் தங்கிவிடும். நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது உள்ளே இருக்கிறது, எனக்கும் உங்களுக்கும் சேர்த்து. நோய் எதிர்ப்புச் செல்கள் தலையில் தட்டித் தூங்கவைத்திருக்கும்வரை வம்பில்லை. மாற்று சிகிச்சைக்கு முன்னால் கொடுக்கிற கடுமையான மருந்தில் அந்தச் செல்கள் எல்லாம் அழிந்துபோகும். புதிதாக முளைத்தவை வேலை பழக மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் இது விழித்துக்கொண்டால் நுரையீரல், குடல், கண் என்று எங்கே வேண்டுமானாலும் கைவைக்கும். அதனால்தான் முதல் நூறு நாளும் வாராவாரம் ரத்தம் எடுத்து பிசிஆர் பார்க்கிறார்கள். எண்ணிக்கை ஏறத் தொடங்கியதுமே, நோயாக மாறும் முன்பே, கான்சைக்ளோவிர் ஏற்றுகிறார்கள். அதிலும் ஒரு கொடுமை: பாடுபட்டு முளைத்த வெள்ளணுக்களை அந்த மருந்தே இறக்கிவிடும். மஜ்ஜையைத் தொடாமல் சிஎம்வியை முன்கூட்டியே தடுக்கும் லெட்டர்மோவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது.

இதையெல்லாம் நான் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அப்ப அது அவன் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே உள்ள வந்து குந்திக்கிச்சு. நான் கூடத்துக்கு வரலாமா?" என்றார்.

அந்த எண்ணிக்கையில் அடுத்த கூத்து. அலைச்சலைக் குறைக்கலாம் என்று ஒரு வாரம் மட்டும் ரத்தத்தை வேறொரு லேபில் கொடுத்தேன். ஆயிரத்தில் இருந்தது நூற்றில் வந்து நின்றது. ஜாங்கிரி வாங்கி, திருப்பி அனுப்பிய அத்தை வீடு உட்பட எல்லாருக்கும் கொடுத்தேன். டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வைரஸின் பிரதிகளை எண்ணியது, மற்றது சர்வதேச அலகில் அளந்தது. ஒரே லேபில், ஒரே அளவில் பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியுமாம். பழைய லேபில் மறுபடி பார்த்தபோது எண்ணிக்கை ஏறித்தான் இருந்தது. ஜாங்கிரியைத் திரும்பக் கேட்க முடியாது.

பிறகு தம்பிக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தது. அம்மா வரப்புக்குப் போய்க் கீழாநெல்லி பிடுங்கி வந்து மோரில் அரைத்துவிட்டாள். படித்தவன் நான் தடுத்திருக்க வேண்டும். நானோ ஆதாரத்தோடு டாக்டரிடம் போனேன். 1988-ல் லான்செட் இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை. அந்தக் கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளமே மறைந்தது என்று வாய்ப்பாடாக ஒப்பித்தேன். டாக்டர் சிரிக்காமல், "அதுக்கப்புறம் வந்ததையும் படிச்சீங்களா?" என்று கேட்டார். மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நான் எனக்குப் பிடித்த பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். எதிர்ப்பு சக்தி இல்லாதவனுக்கு வரப்பு மண்ணோடு பச்சிலையைக் கொடுத்தால் பூஞ்சைக் கிருமியும் சேர்ந்து போகும் என்றார். மஞ்சளுக்குக் காரணம் வேறொரு மருந்து. ஆனால் ஹெபடைடிஸ்-பி எப்போதோ வந்துபோன தடம் தம்பியின் ரத்தத்தில் இருந்ததால், அது விழிக்காமலிருக்க எண்டெகாவிர் முதலிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அந்த மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பவன் நான்தான். எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அரைத்த கீழாநெல்லியை வீணாக்க வேண்டாமென்று நானே குடித்தேன். கசப்பு.

மாத்திரை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு; இதைச் சொல்லத்தான் கூச்சம். அசைக்ளோவிரை ஒரு வருடமாவது விடாமல் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வாய்ப்புண் ஆறிவிட்டதே, இனி எதற்கு என்று நானாக முடிவுகட்டி, தீர்ந்ததும் வாங்காமல் விட்டேன். கொஞ்ச நாளில் தம்பியின் இடுப்பில் சிவந்து கொப்புளம் கிளம்பியது. ஃபோனில் படம் பார்த்து ஒப்பிட்டு, பூச்சிக்கடி என்று தீர்ப்புச் சொல்லி காலமைன் தடவினேன். நிலைப்படியில் நின்றபடியே அம்மா சொன்னாள்: "பூச்சிக்கடியா இது? அக்கிடா. ஒரு பக்கமாவே வளைஞ்சு போவுது பாரு." சின்ன வயசில் அம்மை போட்ட அதே வைரஸ்தான் நரம்பு வேரில் பதுங்கியிருந்து அக்கியாக வெளியே வருகிறது. எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் எழுதிக்கொள்வார்கள். அம்மா அதற்குக் கிளம்ப, நான் மூடநம்பிக்கை பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்ற, தங்கை ஆட்டோவைக் கூப்பிட்டாள். மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் நல்லது. அன்றைக்கே டிரிப்பில் ஏற்றினார்கள். "யார் கண்டுபிடிச்சது?" என்றார் டாக்டர். அம்மாவைக் காட்டினேன். "மாத்திரையை நிறுத்தினது யாரு?" நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வெளியிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்த வைரஸ் ஒன்றே ஒன்று. அது என்னோடு வந்தது. வீட்டிலிருக்கும் எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். அப்பா, அம்மா, தங்கை போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்த நாளெல்லாம் முக்கியமான வேலை இருந்தது. ஊசி என்றால் பயம் என்பதை இந்த வயதில் யாரிடம் சொல்வது? ஐப்பசி மழையில் இருமல் பிடித்தது. சந்தைப் புழுதி அலர்ஜி என்று சொல்லிக்கொண்டு, மாஸ்க்கைத் தாடையில் மாட்டியபடி தம்பியின் அறையைத் துடைத்தேன். மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து இன்ஃப்ளூயன்சா என்றார்கள்; ஓசெல்டாமிவிர் கொடுத்து, படுக்கவைத்து, ஒருவழியாகத் தேற்றி அனுப்பினார்கள். "வீடு பூரா பினாயில் ஊத்துனியே, உன் மூக்குல ஊத்துனியா?" என்றாள் தங்கை.

பொறுப்பு இப்போது அவள் கையில். தம்பிக்குச் சின்ன வயசில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பழைய மஜ்ஜையோடு பெரும்பாலும் போய்விட்டதால் போலியோ, தொண்டை அடைப்பான், ரணஜன்னி எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். உயிருள்ள கிருமியை வைத்துச் செய்கிற தட்டம்மை ஊசி மாதிரியானவற்றுக்கு இரண்டு வருடமாவது காத்திருக்க வேண்டும். போன தடவை அவனுக்குப் போட்டு முடித்ததும் நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "எனக்கு லேசா ஜுரம் இருக்கற மாதிரி…" என்று ஆரம்பித்தேன். அதற்குள் தங்கை என் சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டிருந்தாள்.