16 அங்குலச் சக்கரத்தின் புகழ்

பெங்களூரு வைட்ஃபீல்டில் குழந்தையைத் தள்ளிக்கொண்டே ஓட வண்டி தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரத்தை. நல்ல ஜாகிங் ஸ்ட்ரோலருக்குப் பின்னால் 16 அங்குலச் சக்கரம் இருக்கும். உள்ளே டியூப், காற்றடித்த டயர், கம்பிகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் இருப்பவைதான். இந்தச் சக்கரத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். நம் ஊர் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடி. ஒரு ஸ்லாப்புக்கும் அடுத்த ஸ்லாப்புக்கும் நடுவே நான்கு விரல் நுழையும். கடையில் விற்கும் சாதாரண ஸ்ட்ரோலரின் உள்ளங்கை அளவுச் சக்கரம் அந்தச் சந்தில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், தள்ளுகிறவர் கைப்பிடிமேல் கவிழ்வார். 16 அங்குலச் சக்கரம் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்லாப் போட்டவர் கவனிக்காமல் விட்ட நான்கு விரலை, குழந்தையின் முதுகுக்குத் தெரியாமல் தாண்டிக் கொடுக்கிறது.

இந்த வண்டி பிறந்தது அமெரிக்காவின் யாக்கிமா என்ற ஊரில், 1984-ல். ஃபில் பேச்லர் என்ற பத்திரிகைக்காரருக்கு ஓட்டம் பிடிக்கும், மகனும் கூட வர வேண்டும் என்று ஆசை. ஸ்ட்ரோலருக்கு சைக்கிள் சக்கரம் மாட்டினார், அதுவே பிறகு பேபி ஜாகர் என்ற கம்பெனி ஆனது. மகனோடு ஓடுவதற்காக அவர் செய்த வண்டி, ஜல்லி கொட்டிய இடத்திலும், கேபிளுக்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தின் விளிம்பிலும் இன்று குழந்தைகளைச் சுமக்கிறது. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பெல்ட்டையும் புகழ வேண்டும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும். விமானத்தில்கூட நமக்கு இடுப்பில் ஒன்றுதான். வாங்கும்போது குழந்தையை உட்கார வைத்து மாட்டிப் பாருங்கள்; தோள் நாடா தளர்ந்திருந்தால் அது பெல்ட்டே இல்லை. சஸ்பென்ஷன் இல்லாத வண்டியை இந்த ஊரில் தொடவே வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தையை எந்த சஸ்பென்ஷனும் காப்பாற்றாது: ஓடுவதற்கு 6 மாதம் ஆக வேண்டும் என்பார்கள், 8 மாதம் வரை காத்திருக்கச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள். மருத்துவரிடம் கேட்கும்போது எந்தச் சாலையில் ஓடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அவர் சொல்லும் மாதம் கூடலாம்.

முன்சக்கரத்தில்தான் இந்த வண்டியின் அறிவு இருக்கிறது. நடக்கும்போது அது எல்லாப் பக்கமும் திரும்பும். ஓடும்போது நேராகப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் ஓடினால் சின்னக் கல் பட்டால்கூடச் சக்கரம் துள்ளித் திரும்பும், வண்டி சாயும். பூட்டிய சக்கரம் நேர்வழிதான் போகும். ஆகவே திருப்ப வேண்டிய இடத்தில் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். நேராகக் கிடக்கும் பாதையில் ஒருவர் இதை அரை மணிக்கு ஒருமுறை செய்வார். இங்கே ஓடுகிற அப்பாவும் அம்மாவும் டிரான்ஸ்ஃபார்மர் வந்தால் தூக்குகிறார்கள், நிறுத்திய பைக் வந்தால் தூக்குகிறார்கள், சேம்பர் மூடி ஒரு சாண் உயர்ந்து நின்றால் தூக்குகிறார்கள், நடைபாதை முடிந்து சாலையில் இறங்க நேர்ந்தால் மொத்த வண்டியையும் தூக்குகிறார்கள். எந்த மூடி ஆடும், எது பதிந்திருக்கும் என்று இருட்டிலேயே சொல்லக்கூடியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தோளுக்கும் நினைவுக்கும் ஈடு கிடையாது.

மணிக்கட்டுப் பட்டையை மறக்காதீர்கள். கைப்பிடியிலிருந்து வரும் அந்த நாடா ஓடுகிறவரின் கையில் மாட்டியே இருக்க வேண்டும். கால் இடறினாலும் வண்டி தனியாகப் போகாது. கைப்பிரேக் உள்ள மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. விடியற்காலையில் தண்ணீர் டேங்கர்கள் முந்திக்கொண்டு வரும் நேரமும் ஓடுகிறவர்கள் கிளம்பும் நேரமும் ஒன்றுதான். நடைபாதை அற்றுப்போன இடத்தில் டேங்கருக்கும் குழந்தைக்கும் நடுவே இருப்பது அந்த நாடா மட்டும்தான். அதைத் தைத்தவர் கெட்டியாகத் தைத்திருக்கிறார்.

டயரில் எந்த வால்வு என்று பார்த்து வாங்குங்கள். பைக், கார் டயரில் இருக்கும் அதே வால்வு என்றால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்றடிக்கலாம். பங்க்சர் கடைக்காரர்கள் இந்த வண்டிக்குப் பழகிவிட்டார்கள். டியூபை உருவி, லேசாகக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் வளையம் வளையமாக அமுக்கிக்கொண்டே வருவார்கள். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, டயரின் உட்புறத்தைத் தடவி, ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டுக்கம்பித் துண்டை எடுத்துக் காட்டுவார்கள். குழந்தையின் சக்கரத்தில் ஏறும் கம்பி எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை, ஒட்டுப் போட்டுத் தருகிறார்கள்.

வண்டிக்குச் சட்டமும் துணை நிற்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட 103-ம் எண் வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில்கூடத் தடையில்லாத நடைபாதை 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. ஸ்ட்ரோலர் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் உரசாமல் போகலாம். எழுதியவர்கள் குழந்தைகளை நினைத்தே எழுதியது போல அத்தனை பொருத்தமான அளவு. கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் நடைபாதையும் அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அளவு இருக்கிறது, உரிமை இருக்கிறது, அந்த 1.8 மீட்டரை எதிர்கொள்ளத் தயாராகச் சக்கரமும் இருக்கிறது.

பழைய வைட்ஃபீல்டைப் போட்டவர்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் ஆங்கிலோ-இந்தியக் குடியேற்றத்துக்கு 3,900 ஏக்கர் கொடுத்தார். மதராஸில் அவர்களுக்காகச் சங்கம் நடத்திய டி.எஸ். வைட்டின் பெயர் ஊருக்கு வந்தது. கொஞ்சம் குடும்பங்கள்தான். அவர்களுக்காக நடுவில் பொது இடம் விட்டு, சுற்றி வட்டமாகச் சாலை போட்டு, அதன் ஓரத்தில் வீடுகளை வைத்தார்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் சாலை ஓடுகிறவருக்கு எவ்வளவு வசதி! ஜாகிங் ஸ்ட்ரோலர் என்ற பொருளே இல்லாத காலத்தில் அதற்கேற்ற பாதை போட்டிருக்கிறார்கள். ஐ.டி. பூங்காவும் பல்லாயிரம் வீடுகளும் வந்த பிறகும், ஓடத் தோதான இடம் கேட்டால் அந்த வட்டச் சாலையை, இன்னர் சர்க்கிள் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது.

இருக்கை உயரத்தையும் பாருங்கள். பெரிய சக்கரத்தால் குழந்தை சற்று மேலே உட்கார்ந்தால் நல்லதே. 2018-ல் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னது: வண்டியில் இருக்கும் குழந்தை, தள்ளும் பெற்றோரைவிட 60 சதவீதம் வரை அதிக மாசை சுவாசிக்கக்கூடும், குழந்தையின் மூக்கு புகைக்குழாய்க்கு அருகில் இருப்பதே காரணம்.

கடைசியாக, வண்டி எவ்வளவு சீக்கிரம் மடங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். நல்ல மாடல் ஒரு கையில் மடங்கும், சக்கரங்கள் ஒரு பொத்தானில் கழன்று வரும், கார் டிக்கியில் அடங்கும். வைட்ஃபீல்டுக்கு இதுதான் ஆகப் பெரிய வசதி. ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் உள்ளே வாகனங்களை விடமாட்டார்கள். ஓடுவதற்கென்றே செய்த வண்டியை மடித்து டிக்கியில் போட்டு, குழந்தையைக் கார் இருக்கையில் கட்டி, ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து நடு நகரம் வரை ஓட்டிக்கொண்டு போய் இறக்கினால், முன்சக்கரத்தைப் பூட்டிவிட்டு நேராக ஓடலாம்.